நான் ஏற்றாத சிவப்புச் சீலை

மகன்,

புதன்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "உம்மா, கேக்குதா, ஏன் ஒண்டும் பேசுறீங்க இல்ல" என்று இரண்டு தடவை கேட்டாய். எல்லாம் கேட்டது. உன் வாப்பா மவுத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்து என் இத்தா முடிந்த நாள் அது. அத்தனை நாளும் வெளி வாசலை மிதிக்காமல் இருந்தவளுக்கு, அன்றைக்கே உன் கதையையும் கேட்டதும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். திங்கட்கிழமை அவர்கள் நீட்டும் பேப்பரில் கையெழுத்து வைக்காதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் மிச்சத் தாள்கள், எல்லாவற்றையும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காமல் வாசி. இதை ஒளித்தும் எழுதவில்லை. வாசித்த பிறகு நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சரி.

நீ சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். அந்த நாட்டு விமான நிலையத்து டவரில் நீ வேலையில் இருந்தாய். பிளேன்கள் வழமையாக இறங்கும் பக்கத்தால் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. பகலுக்குப் பிறகு காற்று திரும்பியது. பிளேன்களுக்கு முன்னால் இருந்த காற்று பின்னால் வந்துவிட்டது. காற்றை அளக்கிற மீட்டர் இன்னும் பயமில்லை என்றுதான் காட்டியது. ஆனால் இறங்கிய ஒரு பைலட், பின்னாலிருந்து ஒரு அடி அடித்ததென்றும், பாதை முடிகிற இடத்தில்தான் பிளேனை நிப்பாட்ட முடிந்ததென்றும் உன்னிடம் சொன்னார். நீ பாதையை மாற்றினாய். இனி எல்லோரும் மற்றத் தலைப்பால் வந்து இறங்க வேண்டும் என்றாய். மேலே இருந்தவை சுற்றிக்கொண்டு நின்றன, கீழே கிளம்ப நின்றவை பாதையின் மற்ற முனைக்கு உருண்டு போக வேண்டியதாயிற்று, இரண்டு பிளேன் எண்ணெய் போதாதென்று வேறு ஊரில் போய் இறங்கின. அரை மணித்தியாலத்தில் காற்று அடங்கிவிட்டது. இப்போது உன் பெரியவர் சொல்கிறார், பத்து நிமிடம் பொறுத்திருந்தால் மாற்றவே தேவையில்லை, நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று. அப்படி எழுதிய பேப்பரில் கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும். வைக்காவிட்டால் அக்ரிமென்ட் முடிந்ததும் அனுப்பிவிடலாம். "நிக்காஹ் வருகுது உம்மா, இந்த நேரத்துல பிரச்சினை வேணாம், சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்றாய். சும்மா ஒரு கையெழுத்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் மகன். நான் ஒன்று வைத்திருக்கிறேன்.

நீ இந்த வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் ஒரு லீவுக்கு வந்து, சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் கரண்டியை வைத்து எங்களுக்கு விளக்கினாய். "பாதை ஒண்டுதான் வாப்பா, தலை ரெண்டு. காத்து எந்தப் பக்கம் இருந்து வருகுதோ அதுக்கு முகம் குடுத்துத்தான் இறங்கணும். எந்தத் தலையால இறங்குற எண்டு டவர்ல இருக்கிறவன் சொல்லணும்." வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீயும் சீலை பிடிக்கிறவன்தான். இவ்வளவு படிச்சும் உண்ட உம்மாட வேலைக்குத்தான் போயிருக்கிற" என்றார். நீயும் சிரித்தாய். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். கறி தீய்கிறது என்று சொன்னேன். அடுப்பில் கறியே இருக்கவில்லை.

உன் நானா, என் மூத்தவன் ரிஸ்மி மவுத்தானபோது உனக்குப் பதினான்கு வயது, புத்தளத்தில் ஹொஸ்டலில் இருந்தாய். மீன்பிடி போட்டை வேகமாக ஓட்டி வந்தான், பதினெட்டு வயதுக் கொழுப்பு, வாப்பா சொல்லியும் கேட்கவில்லை, கரைக்கு வரும்போது புரண்டுவிட்டது என்று உனக்குச் சொன்னோம். ஊர் சொன்னதும் அதுதான், மீனவர் சங்கத்துப் பேப்பரில் இருந்ததும் அதுதான். அது பொய். அன்றைக்குக் கரையில் கம்பு பிடித்து நின்றவள் நான்.

கம்பு பிடிக்கிற வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாராவது வாசித்தால் விளங்கட்டும். நம் பக்கத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையில்லாத களப்பு. காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற வரைக்கும் போட்டுகள் காற்றுக்கு முகம் கொடுத்து நேரே கடற்கரைக்கு வந்து ஏறலாம். காற்று திரும்பிக் கடலிலிருந்து அடித்தால், பின்னால் வருகிற அலை போட்டைத் தூக்கிப் புரட்டிவிடும். அப்போது முனையைச் சுற்றிப் போய்க் களப்புப் பக்கம்தான் ஏற வேண்டும். அது நீண்ட தூரம். கடலில் இருக்கிறவனுக்குக் கரைக்குக் கிட்ட என்ன காற்று என்று தெரியாது. அதனால் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் கம்பில் சீலை கட்டி வைப்போம். வெள்ளை என்றால் இங்கே வா, சிவப்பு என்றால் சுற்றிப் போ. கருவாடு போட முதலில் வருகிற பெண்தான் அன்றைக்குக் கம்புக்குப் பொறுப்பு.

வாடைக் காற்று முடிந்து கச்சான் காற்று தொடங்காத இடைக்காலம் அது. காலையில் தரைக்காற்று, வெள்ளை போட்டிருந்தேன். பத்து மணி போல என் முகத்தில் கடல் பக்கமிருந்து காற்று பட்டது. முதலில் சும்மா, பிறகு விட்டு விட்டு ஒரு அடி, கருவாட்டுப் பாயின் ஓரம் புரள்கிற அளவுக்கு. தூரத்தில் போட்டுகள் தெரியத் தொடங்கிவிட்டன. சிவப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போட்டுகளுக்கு உரித்தான சம்மாட்டி ஹாஜியாரிடம் போனேன். கேட்காமல் ஏற்றியிருக்க வேண்டும். போனேன். அவர் மீன் லொறிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹாஜியார், காத்து திரும்பிட்டு. சிவப்பு ஏத்தப் போறன்."

"உனக்குக் கண் இல்லையா புள்ள. அந்தப் புகையப் பாரு" என்று நுரைச்சோலைப் பக்கம் கையைக் காட்டினார். "கடலுக்குத்தானே போகுது. காத்து மாறினா புகை மாறாதா?"

பார்த்தேன். அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டின் உச்சியில் புகை கடல் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது.

"கீழ வேற மாதிரி அடிக்குது ஹாஜியார். பாய் எல்லாம் புரளுது."

"பாய் புரண்டா கல்லத் தூக்கி வை. சுத்த விட்டா ஐஸ் எல்லாம் தண்ணியாப் போகும், சிலாபத்துச் சந்தையும் முடிஞ்சிரும். பத்து நிமிசம் பொறு."

லொறியில் சாய்ந்து நின்றவன் சிரித்தான். "ரிஸ்மிட உம்மாவுக்கு மகன் வாற நேரம் எல்லாம் காத்து மாறும்" என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிவப்புச் சீலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து பாய்க்குக் கல் வைத்தேன்.

நம் கரையில் எல்லோரும் செய்கிற பிழை அது. அந்தப் புகைக்கூண்டு எழும்பிய நாளிலிருந்து காற்றைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்து அதைத்தான் பார்க்கிறோம். எந்த இடத்தில் நின்றாலும் தெரிகிறது, லேசாக இருக்கிறது. ஆனால் புகை சொல்வது அவ்வளவு உயரத்தில் போகிற காற்றை. போட் வருவது தண்ணீரில். என் முகத்தில் அடித்ததை நான் நம்பவில்லை, வானத்தில் போனதை நம்பினேன்.

முதல் போட் தப்பி ஏறியது. இரண்டாவது, வாப்பாவும் ரிஸ்மியும் இருந்த நம் போட். கரைக்குக் கிட்ட வந்த நேரம் பின்னாலிருந்து ஒரு அடி அடித்தது. போட்டின் பின்பக்கம் எழும்பியது, முன்பக்கம் மணலில் குத்தியது, அப்படியே பக்கவாட்டில் புரண்டு உன் நானாவின் மேல் விழுந்தது. வாப்பா தூக்கி எறியப்பட்டுத் தப்பினார். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கையில் பேப்பர். "பிஷரீஸ் ஐயா வருவார். கம்பு பிடிச்சது ஆரு எண்டு கேப்பார். உண்ட பேரைத்தான் சொல்ல வேண்டி வரும். புத்தளம் கோட்டுக்கு ஏறி இறங்குவியா நீ? புள்ளைக்கு அல்லாஹ் எழுதினது அவ்வளவுதான். அவசரப்பட்டு வந்து பிரட்டிட்டான் எண்டு இதுல இருக்கு. ஒரு கையெழுத்தோட எல்லாம் முடியும்." வைத்தேன். தொண்ணூறில் இயக்கத்துக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரை விட்டு எழும்பச் சொன்னார்கள், என் வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார், நாங்கள் பின்னால் நடந்தோம். அன்றைக்குப் பதின்மூன்று வயது எனக்கு. அன்றையிலிருந்து, கொஞ்சம் சத்தமாக யாராவது சொன்னால் செய்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இது சாட்டு இல்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முடியும் என்றார். முடியவில்லை. கம்பை எங்களிடமிருந்து எடுத்து அந்த லொறிக்காரன் கையில் கொடுத்தார்கள். அடுத்த வருடமே இன்னொரு போட் புரண்டு ஒருவருக்குக் கால் முறிந்தது. பேப்பரில் கரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, பிறகு கரையில் எதை மாற்றுவார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. கடற்கரையில் புதிதாகப் போட் ஓட்டிப் பழகுகிற பொடியன்களிடம் "ரிஸ்மி மாதிரி ஓட்டாதடா" என்று சொல்லத் தொடங்கினார்கள். நீயும் கேட்டிருப்பாய். என் பிள்ளையின் பேர் அவசரக்காரனின் பேராகிப் போனது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அப்படியே பன்னிரண்டு வருடம் போனது.

வாப்பா மவுத்தாவதற்கு இரண்டு நாளுக்கு முன், சுபஹு தொழுதுவிட்டு அவருக்குப் பாணைத் தேநீரில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். "அண்டைக்கு வெள்ளைச் சீலைதானே கிடந்துச்சு" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

"ரிஸ்மி சொன்னான், வாப்பா காத்து பின்னால அடிக்குது, சுத்திப் போவமா எண்டு. நான்தான் சொன்னன், உண்ட உம்மா வெள்ளை போட்டிருக்கா, பயமில்ல, விடு எண்டு."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா நீ இருப்பியா" என்றார். பிறகு பாண் போதும் என்று கையைக் காட்டினார்.

விளங்குதா மகன். அந்தப் போட்டில் காற்றைச் சரியாகப் பார்த்தவன் உன் நானா ஒருவன்தான். சுற்றிப் போவோம் என்று சொன்னவனை, அவசரப்பட்டான் என்ற பேப்பரில், பெற்ற தாய் நானே கையெழுத்து வைத்தேன். இத்தா இருந்த நாலு மாதமும் இந்த ஒன்றைத்தான் யோசித்தேன். நீ புதன்கிழமை எடுத்து, உன்னையும் அவசரப்பட்டாய் என்று எழுதி நீட்டுகிறார்கள் என்றபோது, என் வாயை அடைத்தது அழுகை என்று நினைத்திருப்பாய். கோபம் மகன்.

உன் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் நீ சொன்ன ஒன்றைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அந்த மீட்டர், காற்றைக் கொஞ்ச நேரம் சேர்த்துப் பிரித்து நடுவான எண்ணைக் காட்டும் என்றாய். கூடினதையும் குறைந்ததையும் கலந்து காட்டினால் நல்ல எண்தான் வரும். நம் போட்டைப் புரட்டியது நடுவான காற்று இல்லை, ஒரு அடி. அந்த அடியைப் பட்டுக்கொண்டு வந்த பைலட் வாயால் சொன்னதை நீ கேட்டாய். உன் பெரியவர் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறார். அன்றைக்கு ஹாஜியார் புகையைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லையே, அப்படியென்றால் நீ பிழைதானே என்கிறார்கள். ஒன்றும் நடக்காமல் இருக்கத்தானே மாற்றினாய். நான் சிவப்பை ஏற்றியிருந்தால் அன்றைக்கும் ஒன்றும் நடந்திருக்காது. ஐஸ் உருகியிருக்கும், என்னை எல்லோரும் ஏசியிருப்பார்கள், அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு ரிஸ்மி பக்கத்தில் நின்றிருப்பான். நீ கையெழுத்து வைத்தால் உன்னோடு நிற்காது. நாளைக்கு உன் கதிரையில் இருக்கப் போகிறவன், இதற்கு முதல் மாற்றியவனுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பான். பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுப்பான்.

உனக்கு மட்டும் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு சங்கக் கூட்டம். போனேன். ஆண்கள் கூட்டம், வாசலில்தான் நின்றேன். ஹாஜியாருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் முன்வரிசையில் இருந்தார். "என்ன வேணும் ராத்தா" என்று செக்ரட்டரி கேட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் கையெழுத்து வைத்த பேப்பர் பொய், ரிஸ்மி அவசரப்படவில்லை, காற்று மாறியிருந்தது, எனக்குத் தெரிந்தும் சிவப்பு ஏற்றவில்லை, ஏற்ற வேண்டாம் என்று சொன்னவர் இதோ இருக்கிறார் என்று சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது.

"புருசன் மவுத்தான கவலையில கதைக்கிறா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ஹாஜியார்.

"கவலைதான். ஆனா புத்தி சரியா இருக்கு" என்றேன். "இத மினிட்ஸ் கொப்பியில எழுதுங்க."

"பழைய கதை ராத்தா, இப்ப எழுதி என்ன" என்றான் செக்ரட்டரி.

"நீ எழுதுற வரைக்கும் நான் வாசல்ல நிக்கிறன். எல்லாரும் என்னைத் தாண்டித்தான் வெளிய போகணும்."

பெண்பிள்ளையை இடித்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை. செக்ரட்டரி கொப்பியைத் திறந்தான். எழுதினான். வாசிக்கச் சொன்னேன், வாசித்தான். ஒரு இடத்தில் "காற்று மாறியிருக்கலாம்" என்று எழுதியிருந்தான். வெட்டிவிட்டு "மாறியிருந்தது" என்று எழுதச் சொன்னேன். பிறகு கையெழுத்து வைத்தேன். இனி என்னைக் கோட்டுக்குக் கூப்பிட்டால் போவேன். வெளியே வரும்போது யாரும் என்னைப் பாராட்டவில்லை, அதை எதிர்பார்த்தும் நான் போகவில்லை.

நீ நிக்காஹைச் சாட்டுச் சொன்னாயே, அதற்கும் போய் வந்தேன். இன்று காலை முதல் பஸ்ஸில் புத்தளம் போய், அங்கிருந்து எலுவன்குளத்தில் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் வாப்பா வயலால் வந்து கால்கூடக் கழுவவில்லை. "என்ன மச்சி, சொல்லாமக் கொள்ளாம" என்றார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு பேப்பரில் கையெழுத்து வைக்க மாட்டான், அதனால் வேலை போனாலும் போகும், தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றேன். பெண்ணின் உம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பெண்ணின் வாப்பா காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு, "வெளிநாட்டு வேலை எண்டுதானே மச்சி நாங்க சம்மதிச்ச. யோசிச்சுச் சொல்றம்" என்றார். நியாயமான பேச்சு. உள் அறையில் இருந்த பெண் தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அவர்கள் ஓம் என்று சொல்வார்களா, இல்லை என்று சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால் உனக்குக் கவலையாக இருக்கும். எனக்கும் இருக்கும், நல்ல பிள்ளை அது. அதற்காக உன்னைப் பொய் எழுத விட மாட்டேன். ஒரு பிள்ளையின் பேரில் பொய்க்குக் கையெழுத்து வைத்துவிட்டேன், மற்றப் பிள்ளை தன் பேரிலேயே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

என்னைக் கேட்காமல் ஏன் அங்கே போனீங்க என்று ஏசுவாய். ஏசு. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் நீ கையெழுத்து வைக்கக் கூடாது என்றுதான் போனேன். இப்போது அவர்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். சாட்டுச் சொல்ல உனக்கு நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. குரல் உயர்த்தாதே, உன் பெரியவருக்கு மரியாதை குறையாமல் பேசு. பேப்பரை நீட்டினால் திருப்பி அவர் பக்கம் தள்ளி வை. உன் வாக்குமூலம் வேண்டும் என்று கேட்டால் வெறும் தாள் ஒன்று கேட்டு வாங்கி உன் கையால் எழுது. காற்று மாறியது. அடி அடித்ததாகப் பைலட் சொன்னார். பாதையை மாற்றினேன். இன்னொரு தரம் அப்படிக் காற்று மாறினால் இன்னொரு தரமும் மாற்றுவேன். அதற்குக் கீழே உன் கையெழுத்தை வை, பெரிதாக வை.

உம்மா